காசு கட்டும் முன் காகிதம் பாருங்கள்: வீடு குறித்த வாசகர் கேள்விகள்

கூலி வேலை, தினக்கூலி, சிறு சம்பளம் என்று வாழும் குடும்பங்களிடமிருந்து வீடு பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர்களை வெளியிடவில்லை, ஊரும் தொழிலும் மட்டும் உள்ளன.

எங்களுடையது ஓலைக் குடிசை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் எங்கள் பெயர் வந்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் இதே திட்டத்தில் கட்டியவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் கடன்பட்டு, சுவர் பூசாமலேயே குடியிருக்கிறார்கள். நாங்கள் எப்படித் திட்டமிடுவது?
விவசாயக் கூலித் தொழிலாளி, திருவண்ணாமலை மாவட்டம்

கட்டத் தொடங்கும் முன்பே கேட்டிருக்கிறீர்கள், நல்லது. 2024ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவித்த இத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று சொல்கிறார்கள். நூறு நாள் வேலைத் திட்டக் கூலியும் கழிப்பறைக்கான தொகையும் அதற்குள் அடக்கம். முழுத் தொகையும் ரொக்கமாகக் கைக்கு வரும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். அரசு வழங்கும் சிமென்ட், கம்பிக்கான விலையும் இதிலிருந்து கழியும்.

பணம் எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னல் மேல்மட்டம்), தளம், வேலை முடிவு என்று நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டமும் முடிந்து, ஓவர்சியர் வந்து படம் எடுத்துப் பதிந்த பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறும். முதலில் வேலை, பிறகு பணம். அதனால் கடக்கால் எடுப்பதிலிருந்து பேஸ்மென்ட் முடியும் வரை கைக்காசு போட்டாக வேண்டும். அந்த முதல் தொகையைக் கந்துவட்டிக்கு வாங்கியவர்களின் வீடுகள்தான் பெரும்பாலும் பூசாமல் நிற்கின்றன. மகளிர் சுயஉதவிக் குழுக் கடன், கூட்டுறவு வங்கிக் கடன் ஆகியவற்றுக்கு வேலை உத்தரவு கையில் வந்த வாரமே விண்ணப்பியுங்கள். குழி வெட்டிய பிறகு ஓடினால் வட்டிக்காரர்தான் முதலில் கிடைப்பார்.

அடுத்தது அளவு. திட்டம் கேட்பது சமையலறையோடு சேர்த்து 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் இருந்தால் போதும். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போடலாம், ஓலையும் ஆஸ்பெஸ்டாசும் கூடாது. 18க்கு 20 அடி என்றால் 360 வந்துவிடும். "கட்டுறதே கட்டுறோம், ரெண்டு அடி தள்ளிக் கட்டுவோம்" என்று மேஸ்திரி சொல்வார். 20க்கு 22 ஆனால் 440 சதுர அடி. சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் அந்த ரெண்டு அடிக்கு 1.20 லட்சம். உங்கள் பக்கத்துத் தெரு கடனில் பாதிக்கு மேல் இப்படித்தான் வந்திருக்கும். முன்பக்கப் போர்டிகோ, மாடிப்படி, நாலடி உயர பேஸ்மென்ட் மூன்றும் இதே கணக்கில் சேர்ந்தவை. தண்ணீர் தேங்கும் இடமாக இல்லாவிட்டால் தெரு மட்டத்திலிருந்து இரண்டு அடி பேஸ்மென்ட் போதும். பிறகு மேலே மாடி கட்ட விரும்பினால் அஸ்திவாரத்தை அதற்கேற்பப் போட்டு வையுங்கள், படியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

பொருள் கணக்கையும் தோராயமாகச் சொல்கிறோம். 18க்கு 20 வீட்டில் உள்சுவரோடு சேர்த்து ஏறக்குறைய நூறடி நீளச் சுவர் வரும். ஒன்பது அங்குலச் சுவராகப் பத்தடி உயரம் கட்டி, கதவு ஜன்னல் இடத்தைக் கழித்தால் சுமார் 9,000 செங்கல் பிடிக்கும். உள்சுவரை நாலரை அங்குலமாக வைத்தால் ஆயிரத்துக்கு மேல் மிச்சமாகும். ஆனால் தளத்தின் பாரம் இறங்கும் சுவரை அப்படி மெலிக்கக் கூடாது. எந்தச் சுவர் என்று ஓவர்சியரிடம் கேட்டுக் கரிக்கட்டியால் தரையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கொத்தனாரோடு மொத்த ஒப்பந்தம் பேசினாலும் கூலியை அரசு கொடுக்கும் அதே நான்கு கட்டமாகப் பிரித்து நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். லிண்டல் முடிவதற்குள் தளத்துக்கான கூலியையும் வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுவது பல ஊர்களில் நடக்கிறது. முதல் படம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டதோ அதே இடத்தில்தான் வீடு எழும்ப வேண்டும். வாஸ்து சொல்லிப் பத்தடி நகர்த்தினால் அடுத்த தவணை நின்றுபோகும்.

ஐப்பசி, கார்த்திகையில் கடக்கால் வெட்டாதீர்கள், குழியில் நிற்கும் மழைநீரை இறைக்கவே கூலி போகும். தையில் தொடங்கினால் பங்குனிக்குள் தளம் போட்டுவிடலாம். சித்திரை வெயிலில் தளம் போட்டால் நீராற்றத் தண்ணீர் லாரிக்குத் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

எங்கள் மேஸ்திரி தளம் நாலு அங்குலம் போதும், கம்பியைத் தள்ளித் தள்ளிக் கட்டலாம் என்கிறார். தளம் போடும் நாளில் நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?
பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்

சிறிய வீடாக இருந்தாலும் பத்தடி இடைவெளிக்கு நாலரை அங்குலத்துக்குக் குறையாதீர்கள். கம்பி எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்பதை வரைபடம் சொல்லும், மேஸ்திரி சொல்லக் கூடாது. 8 மில்லிமீட்டர் கம்பியை ஐந்து, ஆறு அங்குல இடைவெளியில் கட்டுவது சிறு வீடுகளில் வழக்கம். அவர் எட்டு, ஒன்பது அங்குலத்துக்கு இழுக்கிறார் என்றால் கட்டும்போதே டேப் வைத்து அளந்து நிறுத்துங்கள். கான்கிரீட் விழுந்த பிறகு பேசிப் பயனில்லை.

300 சதுர அடிக்கு நாலரை அங்குலம் என்றால் 112 கன அடி கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் 26 மூட்டை சிமென்ட், அரை யூனிட் எம்-சாண்ட், ஒரு யூனிட் முக்கால் அங்குல ஜல்லி பிடிக்கும். (ஒரு யூனிட் என்பது 100 கன அடி.) தளத்துக்கு மட்டும் 180 முதல் 220 கிலோ கம்பி. இதைவிட வெகுவாகக் குறைத்துச் சொன்னாலும் கூட்டிச் சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள்.

சட்டிக் கணக்கில் கலவை போட விடாதீர்கள். சட்டியில் ஒருவர் குவித்து அள்ளுவார், ஒருவர் தட்டி அள்ளுவார். ஒரு மூட்டை சிமென்ட் ஒன்றேகால் கன அடி. அந்த அளவில் ஒரு மரப்பெட்டி அடித்து வைத்தால் மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி, விவகாரமே இல்லை. தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர், அதாவது இரண்டு குடத்துக்குச் சற்றுக் குறைவு. வேலை சுலபமாக ஓடுவதற்காகக் கலவையைக் கஞ்சியாக்கிவிடுவார்கள். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் பின்னால் ஆவியாகி, அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். மழைநீர் அதன் வழியே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்ததும் சீலிங் காரை பெயர்ந்து விழும். பத்து வயதான பல தளங்களில் கம்பி பல்லிளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கவர் பிளாக். கம்பிக்கும் சென்ட்ரிங் தகட்டுக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஜல்லிக் கல்லைச் சொருகி வைத்தால் அதன்மேல் ஆள் நடக்கும்போது உருண்டுவிடும், கம்பி தகட்டோடு படுத்துவிடும். சிமென்ட் கவர் பிளாக்கைக் கட்டுக்கம்பியால் கட்டி வையுங்கள். சுவர் ஓரங்களில் மேலே வளைத்துக் கட்டிய கம்பிகளை மிதித்துக் கீழே இறக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. நடப்பதற்குப் பலகை போடச் சொல்லுங்கள். வைப்ரேட்டர் வாடகை ஒரு நாளைக்குத்தான், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மறுநாள் காலையே பாத்தி கட்டி இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்துங்கள். இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது பிபிசி (மூட்டையில் PPC என்று இருக்கும்) சிமென்ட். அது மெதுவாகத்தான் இறுகும், எனவே 14 நாள் பாத்தி காயக் கூடாது. சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று ஏழாம் நாளே முட்டு எடுக்கச் சொல்வார்கள். பிபிசி போட்டிருந்தால் 14 நாள் பொறுங்கள்.

எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசியும் விற்கிறார்கள். லாரி கொட்டும் முன் ஒரு கைப்பிடியைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே சேறு போலத் தடித்த அடுக்கு படிந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

கழிப்பறைக்கு செப்டிக் டேங்க் கட்டவா, இரட்டைக் குழியா? ஐந்து பேர் இருக்கிறோம்.
ஆட்டோ ஓட்டுநர், விழுப்புரம்

பாறையோ, ஆண்டு முழுக்க மேல்மட்ட நீரோ இல்லாத இடமென்றால் இரட்டைக் குழிதான். ஒவ்வொன்றும் சுமார் மூன்றேகால் அடி அகலம், நாலடி ஆழம். இரண்டுக்கும் நடுவே மூன்றடிக்கு மேல் மண் விட வேண்டும். சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, அடியைப் பூசாமல் விடுங்கள், நீர் மண்ணில் இறங்கும். நடுத்தொட்டியில் ஒரு வழியை அடைத்து ஒரு குழியை மட்டும் பயன்படுத்துங்கள். அது நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிட்டு, முதல் குழியை இரண்டு ஆண்டு தொடாமல் வைத்தால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். லாரி அழைக்க வேண்டாம், ஆள் இறங்கவும் வேண்டாம். கிணறு, அடிபம்பிலிருந்து குறைந்தது 35 அடி தள்ளி அமையுங்கள். நடைமுறையில் இரண்டு குழிக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நிறைந்தால் இந்த அமைப்பே வீண்.

நாற்பது ஆண்டாக ஒரே இடத்தில் இருக்கிறோம். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் உண்டு, பட்டா இல்லை. பட்டா இல்லாவிட்டால் வீட்டுத் திட்டம் கிடையாது என்கிறார்கள்.
தூய்மைப் பணியாளர், விருதுநகர் மாவட்டம்

வரி ரசீதும் மின் இணைப்பும் நீங்கள் அங்கே வாழ்ந்ததற்குச் சான்று, இடம் உங்களுடையது என்பதற்கல்ல. முதலில் விஏஓவிடம் போய் உங்கள் வீடு நிற்கும் சர்வே எண்ணையும் அந்த நிலத்தின் வகையையும் கேளுங்கள். எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கிராம நத்தம் என்று இருந்தால் நிலை நல்லது. நத்தம் குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய நிலம், நீண்டகாலமாகக் குடியிருப்பவர் நத்தம் பட்டா கேட்கலாம். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுங்கள். பழைய வரி ரசீதுகள், குடும்ப அட்டை, மின் கட்டண அட்டை, வாக்காளர் பட்டியல் நகல் இவற்றில் எது மிகப் பழையதோ அதை மேலே வைத்து இணையுங்கள்.

ஆட்சேபனை இல்லாத புறம்போக்கு என்றால் வரன்முறைப்படுத்தக் கேட்கலாம். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றால் பட்டா கிடைக்காது. எத்தனை ஆண்டு இருந்தாலும் சரி, யார் வாக்குறுதி கொடுத்தாலும் சரி. அந்த நிலையில் மாற்று இடத்தில் மனைப்பட்டா கேட்டு மனு கொடுப்பதே வழி. அங்கேயே கடன் வாங்கிச் சுவர் எழுப்பாதீர்கள். சென்னையைச் சுற்றிய பெல்ட் ஏரியாவில் 1962 முதல் பட்டா தரத் தடை இருந்தது. 2025 பிப்ரவரியில் அங்கும் பிற நகர்ப்பகுதிகளிலும் ஆட்சேபனையற்ற புறம்போக்கில் வசிக்கும் சுமார் 86,000 பேருக்குப் பட்டா தர அமைச்சரவை முடிவெடுத்தது. அந்தப் பகுதிகளில் இருப்பவர்கள் பழைய மனு தள்ளுபடி ஆகியிருந்தாலும் மறுபடி கொடுக்கலாம்.

மனு கொடுத்தால் ரசீது எண் வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த எண்ணைக் காட்டித்தான் பேச முடியும்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அடுக்குமாடியில் வீடு வாங்கித் தருவதாக ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். "ஆபீசில் ஆள் இருக்கு" என்கிறார். நம்பலாமா?
வீட்டு வேலை செய்பவர், சென்னை

நம்பாதீர்கள். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறிய இந்த வாரியம் பயனாளி பங்குத் தொகையோடு ஒதுக்கும் வீடுகளுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் உறுதியான வீடு இருக்கக் கூடாது. கட்டுமானச் செலவில் ஒரு பகுதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும், மீதி உங்கள் பங்கு. அது திட்டத்துக்குத் திட்டம், ஊருக்கு ஊர் மாறும். அந்தப் பங்கு வாரியத்தின் பெயருக்கு வரைவோலையாகவோ வங்கி வழியாகவோதான் போக வேண்டும். ரொக்கமாகவோ ஒருவரின் கைபேசி எண்ணுக்கோ போகும் பணம் வாரியத்துக்குப் போகாது. உங்கள் பகுதிக் கோட்ட அலுவலகத்துக்கு ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, வங்கிப் புத்தக நகலோடு நீங்களே செல்லுங்கள். பங்குத் தொகைக்கு வங்கிக் கடன் ஏற்பாடு உண்டா என்றும் அங்கேயே கேளுங்கள்.

வாரிய வீடு ஒன்றை ஒதுக்கீடு பெற்றவர் நான்கு லட்சத்துக்குப் பவர் எழுதித் தருகிறேன் என்கிறார். விலை குறைவாக இருக்கிறதே?
தள்ளுவண்டி வியாபாரி, சென்னை

அவரிடம் விற்கும் உரிமை இல்லை, அதனால்தான் விலை குறைவு. தவணை முடிந்து வாரியம் கிரயப் பத்திரம் எழுதித் தரும் வரை வீடு வாரியத்துடையது. பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக அதோடு முடியும், வாரிசுகள் வந்து நிற்பார்கள். வாரியம் ஆய்வு செய்து ஒதுக்கீட்டை ரத்து செய்தால் வெளியேற வேண்டியவர் நீங்கள். ஒதுக்கீட்டுதாரர் கிரயப் பத்திரம் வாங்கி, உங்கள் பெயருக்குப் பதிவு செய்து தருவதென்றால் மட்டும் பேசுங்கள்.

எனக்குச் சம்பளச் சீட்டு இல்லை. வங்கி வீட்டுக்கடன் தர மறுக்கிறது. தனியார் வீட்டுக்கடன் நிறுவனம் 13 சதவீதத்துக்குத் தருகிறேன் என்கிறது. மத்திய அரசு வட்டி மானியம் 1.80 லட்சம் கிடைக்கும், அதனால் வாங்கலாம் என்கிறார்கள்.
தையல் தொழிலாளி, மதுரை

மானியம் உண்மைதான். 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0இல், 35 லட்சம் ரூபாய்க்குள் மதிப்புள்ள வீட்டுக்கு 25 லட்சத்துக்குள் கடன் வாங்குபவருக்கு, முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம். அதை ஐந்து ஆண்டுத் தவணையாகக் கடன் கணக்கில் வரவு வைப்பார்கள். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், எங்கும் உறுதியான வீடு இருக்கக் கூடாது, கடந்த 20 ஆண்டில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கக் கூடாது. ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் ஒழுங்காக நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும்.

ஆனால் இந்த மானியத்தைக் காட்டி 13 சதவீதக் கடனை விற்பது நியாயமில்லை. நீங்களே கணக்குப் பாருங்கள். 8 லட்சத்துக்கு 15 ஆண்டு, 9 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 8,115 ரூபாய். 13 சதவீதம் என்றால் சுமார் 10,120. மாதம் இரண்டாயிரம் வித்தியாசம், 15 ஆண்டில் 3.60 லட்சம். கிடைக்கும் மானியத்தைப் போல இரண்டு மடங்கை வட்டியாகவே கட்டிவிடுவீர்கள்.

எனவே ஓராண்டு பொறுத்து வங்கிக்குத் தகுதியாவது மேல். தையல் கூலியை அன்றன்று ஒரே சேமிப்புக் கணக்கில் போடுங்கள், யுபிஐ வழியாக வாங்குங்கள். சிறுதொழில் செய்பவர்களுக்கான உத்யம் பதிவு இலவசம், செய்துகொள்ளுங்கள். வருமான வரி கட்ட வேண்டிய நிலை இல்லாவிட்டாலும் இரண்டு ஆண்டு கணக்குத் தாக்கல் செய்தால் வங்கி மதிக்கும். நுண்கடன் நிறுவனத் தவணை ஏதும் ஓடிக்கொண்டிருந்தால் அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். குழுக் கடனில் ஒரு தவணை தவறியதும்கூட, வங்கி பார்க்கும் சிபில் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் தெரியும்.

கைக்காசுக் கணக்கையும் மறந்துவிடாதீர்கள். 30 லட்சத்துக்குள்ளான கடனில் வீட்டு விலையில் 90 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். 12 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1.20 லட்சம் உங்கள் பங்கு. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 1.08 லட்சம். ஆக 2.28 லட்சம் கையில் இல்லாமல் முன்பணம் கொடுத்தால் அது சிக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியை நகை அடகு வைத்து அடைத்தவர்கள் இரண்டு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. கேட்டால் கொடுக்காதீர்கள்.

புறநகரில் 600 சதுர அடி மனை 5 லட்சம் என்கிறார்கள். அங்கீகாரம் "வந்துகொண்டிருக்கிறது" என்கிறார்கள்.
காவலாளி, செங்கல்பட்டு மாவட்டம்

வரட்டும், வந்த பிறகு வாங்குங்கள். 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்தத் தனி விதிகள் உண்டு. புதிதாகப் பிரித்த அங்கீகாரமில்லாத மனையைப் பதிவே செய்ய முடியாது. பதிவுத்துறை இணையதளத்தில் 30 ஆண்டு வில்லங்கச் சான்று, வருவாய்த்துறைத் தளத்தில் பட்டா, அங்கீகார எண் மூன்றும் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். 2025 ஏப்ரல் முதல் பெண் பெயரில் பதியும் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்குப் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைவு. இந்த மனைக்கு 5,000 ரூபாய் மிச்சம். வீட்டுத் திட்டங்களும் பெண் பெயரிலோ கூட்டாகவோதான் வருகின்றன. மனைவி பெயரிலேயே பதியுங்கள்.

வாடகை 6,000, அட்வான்ஸ் 60,000 கேட்கிறார்கள். கரண்டுக்கு யூனிட் பத்து ரூபாய். ஒப்பந்தம் எழுத மாட்டோம் என்கிறார்கள்.
உணவு டெலிவரி ஊழியர், சென்னை

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் கணக்கில் 18,000. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தால் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தும் அதிகாரம் வீட்டுக்காரருக்கு இல்லை.

சட்டம் இப்படி இருந்தாலும் வீடு கிடைப்பது அவர் கையில் என்பது தெரியும். அட்வான்சைக் குறைக்கவே முடியவில்லை என்றால் ரொக்கமாகவாவது கொடுக்காதீர்கள். வங்கி வழியே அனுப்பி, குறிப்பில் "அட்வான்ஸ், இன்ன கதவு எண்" என்று போடுங்கள். மாத வாடகையையும் அப்படியே. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் நாளைக்கு உங்கள் பக்கம் பேசுவது அந்த வரிகள்தான். குடி புகும் அன்று சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், வெள்ளையடிப்பு என்ற பெயரில் அட்வான்சில் கைவைப்பது குறையும்.

மின்சாரத்தில் பெரிய இழப்பு ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருப்பதால்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இணைப்புக்கு ஒருமுறைதான் கிடைக்கிறது, மூவர் பயன்பாடும் சேர்ந்து 500ஐத் தாண்டியதும் கட்டணம் எகிறுகிறது. தனி வாசல், தனி சமையலறை உள்ள பகுதிக்குத் தனி இணைப்பு கேட்கலாம். செலவைப் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லி வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள்.

வாடகையே இல்லாமல் 5 லட்சம் போக்கியத்துக்கு வீடு வருகிறது. போகலாமா?
பிரஸ் தொழிலாளி, சிவகாசி

வில்லங்கச் சான்று பார்க்காமல் போகாதீர்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால், வீட்டுக்காரர் தவணை கட்டாதபோது வங்கி வந்து பூட்டும். உங்கள் 5 லட்சம் வங்கியின் பாக்கிக்குப் பின்னால்தான் நிற்கும். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்த ஆவணம் பதிவாகியிருந்தால் வில்லங்கத்தில் தெரியும். தெரியாவிட்டாலும் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால் அசல் எங்கோ அடகில் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். போக்கியப் பத்திரம் பதிவு செய்தால்தான் செல்லும். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்குவது வெறும் கைமாற்றுக் கடனாகிவிடும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் வீட்டுக்குப் பணம் தருகிறார்களா?
சித்தாள், சேலம்

தருகிறார்கள், 4 லட்சம் ரூபாய். குறைந்தது மூன்று ஆண்டுப் பதிவு இருக்க வேண்டும், சொந்த வீடு இருக்கக் கூடாது. சொந்த மனையில் கட்டவோ வாழ்விட வாரிய வீட்டுப் பங்குத் தொகைக்கோ இதைப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் சிக்குவது புதுப்பித்தலில். அட்டை காலாவதியான பிறகு புதிதாகப் பதிந்தால் மூப்புக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அட்டையின் கடைசித் தேதியை இன்றே பாருங்கள். வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் வாங்கியவருக்கு இது கிடையாது.

ஆற்றங்கரையில் இருக்கும் எங்களுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். வேலை எல்லாம் வடசென்னையில். போவதா?
மீன் வெட்டும் தொழிலாளி, சென்னை

இதில் உங்கள் கோபம் நியாயமானது. வேலையை ஓரிடத்தில் விட்டு வீட்டை முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொடுப்பது பாதி வீடு கொடுப்பதுதான். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றிய பிறகு வேலை இழந்தவர்களில் பெண்கள்தான் அதிகம். விடிகாலை மூன்று மணிக்குச் சந்தைக்கு வர வேண்டியவருக்கு அந்நேரம் பேருந்து இருக்காது. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பகல் வேலைக்குத்தான் உதவும்.

கணக்கெடுப்பு நடக்கும்போது வேலை செய்யும் இடத்தையும் நேரத்தையும் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். அருகிலுள்ள வாரியத் திட்டப் பகுதியில் மறுகட்டுமான வீடுகள் தயாராகின்றனவா என்று கேட்டு, அங்கே ஒதுக்கக் கோரித் தனித்தனியாக இல்லாமல் தெருவாகச் சேர்ந்து மனு கொடுங்கள். ஒதுக்கீட்டை வாய்மொழியாக மறுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பட்டியலிலிருந்து பெயர் போனால் இடித்த பிறகு எதுவும் மிஞ்சாது. போகத்தான் வேண்டுமென்றால் கல்வியாண்டு முடியும் வரை அவகாசம் கேளுங்கள். குடும்ப அட்டை முகவரி மாற்றம், பள்ளி மாற்றுச் சான்று, முதியோர் உதவித்தொகை மாற்றம் மூன்றையும் அதிகாரிகள் உங்கள் தெருவுக்கே வந்து முகாம் போட்டு முடித்துக் கொடுத்த பிறகு சாமான் ஏற்றுங்கள். ஒதுக்கீட்டு உத்தரவில் மனைவி பெயர் இருக்கிறதா, கதவு எண் சரியா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். மேல்மாடி கிடைத்து வீட்டில் நடக்க முடியாதவர் இருந்தால், சாவி வாங்கும் முன் தரைத்தளம் கேட்டு மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுங்கள்.